படிக்கட்டில் தொங்கிய கண்ணாடிக் குழாய்



மூன்று வாரங்களுக்கு முன் வாலிபர் கூடுகை முடிந்தபின், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஐயா, எனக்குச் சில நேரம் சந்தேகம் வருகிறது. சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்திற்குச் செல்லும் அவசரத்தில் இருந்த நான், "ஜெபம் பண்ணுங்கள் தம்பி, எல்லாம் சரியாகிவிடும்" என்று தோளில் தட்டிவிட்டுப் புறப்பட்டேன். வீடு சேருவதற்குள் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கிற்று. ஜெபம் பண்ணச் சொன்னது தவறன்று. கேள்வியைக் கேளாமலே பதில் சொன்னேனே, அதுதான் தவறு.

அன்று அவர் கையில் வேதாகமத்தோடு வேதியியல் பாடநூலும் இருந்தது. அந்தப் பாடநூலில் வாயுக்களின் தன்மையைக் கூறும் பகுதியில் முதலில் வருகிற பெயர் ராபர்ட் பாயில். அந்தப் பெயருக்குரியவர் அந்தத் தம்பியின் கேள்வியோடே தம் வாழ்நாள் முழுவதையும் கழித்தவர் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அது அதன் வேலையும் அன்று. ஆகவே இந்த வாரம் அவருடைய சரித்திரத்தைச் சொல்லத் துணிகிறேன். நடுவே கொஞ்சம் விஞ்ஞானம் வரும்; பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் அந்த விதி என்னவென்று பார்த்துவிடுவோம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் கைப்பம்பின் துளையைப் பெருவிரலால் இறுக அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் எளிதாக இறங்கும். உள்ளே இருக்கும் காற்று ஒடுங்க ஒடுங்கக் கைப்பிடி எதிர்த்து நிற்கும். கையை எடுத்தால் துள்ளி மேலேறும். அடைபட்ட காற்றின் பருமனைப் பாதியாகக் குறைத்தால் அதன் அழுத்தம் இருமடங்காகிறது. கால் பங்காகக் குறைத்தால் நான்கு மடங்காகிறது. வெப்பநிலை மாறாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இதுவே பாயில் விதி. கேட்பதற்கு எளிது. ஆனால் காற்றுக்கு எடை உண்டு என்பதையே மனிதர் ஏற்றுக்கொள்ளாத காலத்தில் இதை அளந்து காட்டுவது எளிதாய் இருக்கவில்லை.

காற்றின் எடை என்றவுடன் உங்களில் சிலருக்கு யோபுவின் புஸ்தகம் நினைவுக்கு வந்திருக்கும். 28ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். காற்றுக்கு நிறையையும் தண்ணீருக்கு அளவையும் ஏற்படுத்தினவர் தேவனே என்று அங்கே காண்கிறோம். அந்த வசனம் விஞ்ஞானப் பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டதன்று. ஞானம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற ஒருவனின் சொற்கள் அவை. ஆகையால் அதை வைத்துக்கொண்டு, "எல்லாம் எங்கள் வேதத்தில் முன்னமே இருக்கிறது" என்று பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. காற்றின் நிறையைத் தராசில் வைக்கும் பொறுப்பு மனிதருக்கு விடப்பட்டிருந்தது. 1644-ல் இத்தாலியரான டாரிசெல்லி, பாதரசம் நிரப்பிய குழாயைக் கவிழ்த்து, அது ஏறக்குறைய 30 அங்குல உயரத்தில் நின்றுவிடுவதைக் கண்டு எழுதினார். வெளியிலுள்ள காற்றின் எடையே அந்தப் பாதரசத்தைத் தாங்குகிறது என்றார். 1648 செப்டம்பரில் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சிலுள்ள பியூய் தே தோம் மலைமேல் அக்குழாயைக் கொண்டுபோனார். மேலே போகப் போகப் பாதரசம் தாழ்ந்தது. மலையுச்சியில் நமக்கு மேலே இருக்கும் காற்று குறைவு அல்லவா?

அக்காலத்தில் பாயில் வாலிபர். 1627 ஜனவரி 25 அன்று அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டையில் பிறந்தவர். கார்க் பிரபுவின் பதினான்காவது பிள்ளை. தகப்பனுடைய செல்வம் பெரிது. அந்தச் செல்வம் ஐரிஷ் மக்களின் நிலங்களிலிருந்து சேர்ந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது அவருடைய மனச்சாட்சியைத் தொந்தரவு செய்யும். மூன்று வயதில் தாயை இழந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. உடலும் பலவீனமானது.

பதின்மூன்று வயதளவில், ஜெனீவாவில் கல்வி கற்றுவந்தபோது, ஒரு நள்ளிரவில் பயங்கரமான இடியும் மின்னலும் அவரை எழுப்பின. நியாயத்தீர்ப்பின் நாள் வந்துவிட்டதென்று நடுங்கி, பிழைத்தால் தேவனுக்கென்று வாழ்வேன் என்று பொருத்தனை செய்தார். இதுபோன்ற சாட்சிகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் பாயில் சொன்ன அடுத்த பகுதிதான் எனக்குப் பிடித்தது. காலையில் வானம் தெளிந்தபின், பயம் நீங்கிய நேரத்தில், அதே பொருத்தனையை மீண்டும் ஒருமுறை செய்தாராம். இடிக்குப் பயந்து கொடுத்த வாக்கு வாக்காகாது என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றியிருக்கிறது.

இதன்பின் எல்லாம் நலமாயிற்று என்று நான் எழுதினால் அது பொய்யாகும். சில காலத்திற்குள் அவர் கிரெனோபிள் நகருக்கருகே, மலைகளின் நடுவிலுள்ள கார்த்தூசியர் மடத்தைக் காணச் சென்றார். அந்தத் தனிமையில், கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளைக் குறித்தே கொடிய சந்தேகங்கள் அவரைப் பற்றிக்கொண்டன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்ததென்றும், அது விலக்கப்பட்ட பாவம் என்பதே தம்மைத் தடுத்ததென்றும் பிற்காலத்தில் எழுதினார். பல மாதங்கள் கழித்து, திருவிருந்தில் பங்குபெற்ற ஒரு நாளில் சமாதானம் திரும்பிற்று. ஆயினும் அந்தச் சந்தேகங்கள் நிரந்தரமாகப் போய்விடவில்லை. வானத்தில் மேகம் போல வந்துவந்து போயின. அவற்றை அவர் பல்வலிக்கு ஒப்பிட்டார். பல்வலியால் ஒருவன் சாவதில்லை. ஆனால் அது படுத்தும் பாடு கொஞ்சமன்று.

சந்தேகத்தை அவர் என்ன செய்தார்? மூடி மறைக்கவில்லை, அதைக் காரணமாகக் கொண்டு விசுவாசத்தைக் கைவிடவும் இல்லை. தாம் எதை எதற்காக நம்புகிறோம் என்று ஆராயத் தொடங்கினார். பிறந்த மதத்தில் காரணம் தெரியாமலே இருப்பது அவருக்குப் போதவில்லை. வேதத்தை அதன் மூலமொழிகளில் வாசிக்க எபிரேயமும் கிரேக்கமும் சீரியமும் கல்தேயமும் கற்றார். கண்களோ அவருக்குச் சிறுவயது முதலே பலவீனம்.

அதே மனிதர்தான் பின்பு காற்றை அளக்க வந்தார். ஜெர்மனியில் ஓட்டோ ஃபொன் குவெரிக்கே காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்திருக்கிறார் என்ற செய்தியை வாசித்துவிட்டு, தமக்கு அதைவிட வசதியான ஒன்று வேண்டும் என்று எண்ணினார். ஆக்ஸ்போர்டில் அவருக்கு உதவியாளராயிருந்த ராபர்ட் ஹூக் என்னும் கைதேர்ந்த வாலிபர் அதைச் செய்து முடித்தார். பெரிய கண்ணாடிக் கோளம். அதனடியில் காற்றை இழுக்கும் பம்பு. கோளத்துக்குள் எதை வைத்தாலும் வெளியிலிருந்து பார்க்கலாம்.

அதில் அவர் செய்த சோதனைகளுள் ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டுக்குட்டியின் சிறுநீர்ப்பையைச் சுருங்கிய நிலையில் எடுத்து, உள்ளே சிறிதளவு காற்று மட்டும் இருக்கும்படி வாயை இறுகக் கட்டிக் கோளத்துக்குள் வைத்தார். பம்பு இயங்கிச் சுற்றியிருந்த காற்று வெளியேற வெளியேற, சுருங்கிக் கிடந்த பை தானாகவே உப்பிற்று. உள்ளே புதிதாக ஒரு துளிக் காற்றும் சேரவில்லை. வெளியே அழுத்தியிருந்தது விலகியது, அவ்வளவே. மீண்டும் காற்றை உள்ளே விட்டபோது பை சுருங்கிற்று. காற்றுக்கு எடை மட்டுமன்றி, அழுத்தினால் ஒடுங்கி விட்டால் விரிகின்ற ஒரு விசையும் உண்டு என்று பாயில் கண்டார். கம்பளி ரோமக் குவியலைக் கையால் அழுத்தினால் ஒடுங்குவதும் விட்டால் எழும்புவதும் போல என்று விளக்கினார். இப்படி 43 சோதனைகளைத் திரட்டி 1660-ல் ஒரு நூலை வெளியிட்டார்.

அந்த நூலில் பாயில் விதி இல்லை! அது பிறந்தது ஓர் எதிர்ப்பிலிருந்து.

1661-ல் ஃபிரான்சிஸ் லைன் என்பவர் பாயிலை மறுத்து ஒரு நூல் எழுதினார். லைன் இங்கிலாந்தில் பிறந்த இயேசு சபைக் குரு. லியேஜ் நகரில் ஆசிரியர். அவர் சொன்னதைக் கேலி செய்வது இன்று எளிது. ஆனால் அவருடைய வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது. காற்றுக்கு எடையும் விசையும் சிறிது இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 29 அங்குலப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்துமளவு அதற்குப் பலமேது என்று கேட்டார். குழாயின் மேல்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலிழை இருந்து பாதரசத்தைப் பிடித்து இழுக்கிறது என்பது அவருடைய கோட்பாடு. இருபுறமும் திறந்த குழாயின் மேல்வாயை விரலால் அடைத்துச் சோதித்துப் பாருங்கள், விரலின் சதை உள்ளே இழுக்கப்படுவதை நீங்களே உணர்வீர்கள் என்றார். சோதனையில் சதை இழுக்கப்பட்டது மெய்தான். காரணம் எது என்பதில்தான் தர்க்கம்.

பாயில் பெரும் பிரபுவின் குமாரர், ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களுள் ஒருவர், புராட்டஸ்டண்ட். லைனோ, அக்கால இங்கிலாந்தில் சட்டத்தால் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கச் சபையின் குரு. "இயேசு சபைக்காரன் சொல்வதைக் கேட்பதா?" என்று ஒரே சொல்லால் ஒதுக்கியிருந்தால் லண்டனில் கைதட்டுவோருக்குக் குறைவிருந்திராது. பாயில் அப்படிச் செய்யவில்லை. லைனின் வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்து, மரியாதை குன்றாமல் பதில் எழுதினார். கருத்தைத் தாக்கினாரேயன்றி ஆளைத் தாக்கவில்லை. சபைப் பிரிவுகளைக் குறித்து நாம் சமூக ஊடகங்களில் எழுதுகிற சொற்களை நினைத்துக்கொண்டு இந்த வரிகளை எழுதுகிறேன்.

எழுதினால் மட்டும் போதாது, காற்றின் பலத்தை அளந்து காட்டவேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 29 அங்குலப் பாதரசத்தைத் தாங்கக் காற்றுக்குப் பலமில்லை என்கிறார் லைன். ஒடுக்கப்பட்ட காற்று அதைப்போல் இருமடங்கையும் மும்மடங்கையும் தாங்கும் என்று காட்டிவிட்டால் அந்த வாதம் நிற்காது.

அதற்காக ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயை அடியில் வளைத்தார்கள். ஒரு பக்கம் குட்டையான கை. அதன் மேல்வாய் உருக்கி அடைக்கப்பட்டது. மறுபக்கம் நெடிய கை, அது திறந்தது. குட்டைக் கையில் 12 அங்குல நீளத்துக்குக் காற்று அடைபட்டிருந்தது. ஒவ்வோர் அங்குலத்தையும் நான்காகப் பிரித்து 48 கோடுகள் இட்ட காகிதம் அதில் ஒட்டப்பட்டிருந்தது. நெடிய கையின் வழியே பாதரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்றினால், அது குட்டைக் கையிலுள்ள காற்றை நெருக்கும். எத்தனை கோடு காற்று மிஞ்சியிருக்கிறது, எத்தனை அங்குலப் பாதரசம் அதன்மேல் சுமையாக நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போகலாம்.

முதலில் பயன்படுத்திய குழாய் தற்செயலாக உடைந்துபோயிற்று. பிறகு வந்த குழாயின் நீளத்திற்கு அறையில் உயரம் போதவில்லை. ஆகவே அதைப் படிக்கட்டில் கயிறுகளால் தொங்கவிட்டார்கள். மறுபடியும் உடைந்தால் பாதரசம் வீணாகாமலிருக்க அதன் அடிப்பகுதியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். மேலே நின்று ஒருவர் ஊற்ற, கீழே நின்று ஒருவர் காற்றின் அளவைப் பார்த்துச் சொல்ல, அந்த வேலை நடந்தது. உலகத்துப் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் மனப்பாடம் செய்கிற ஒரு விதி, உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு ஒரு மாடிப்படியில் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புன்னகை வருகிறது.

பாதரசம் ஊற்றுவதற்கு முன்பே வெளிக்காற்றின் அழுத்தம் அந்தக் காற்றின்மேல் இருந்தது. அது அன்று 29 அங்குலத்துக்குச் சற்று மேல். காற்று 48 கோட்டிலிருந்து 24 கோடாக, அதாவது பாதியாகச் சுருங்கியபோது, மொத்தச் சுமை ஏறக்குறைய 58¾ அங்குலம். இருமடங்கு! 12 கோடாக, கால் பங்காகச் சுருங்கியபோது, 117½ அங்குலத்துக்குச் சற்று மேல். நான்கு மடங்கு! 29 அங்குலத்தையே தாங்காது என்று சொல்லப்பட்ட காற்று, ஒடுங்கிய நிலையில் அதைப்போல் நான்கு மடங்கைத் தாங்கி நின்றது.

இதைவிட என்னைத் தொட்டது அவர் அச்சிட்ட அட்டவணை. கண்டது ஒரு பத்தியில். கணக்கின்படி வரவேண்டியது அடுத்த பத்தியில். இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. கடைசி வரிசையில் கணக்கு சொல்வது 116½. அவர் கண்டதோ அதைவிட ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகம். எதிராளி ஒருவர் குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருக்கும் வேளையில், அந்த ஓர் அங்குலத்தை இப்படி அப்படித் திருத்திவிட யாருக்கும் ஆசை வரும். அவர் திருத்தவில்லை. கண்டதைக் கண்டபடியே, பின்னங்களோடு, அச்சிட்டார். நம்முடைய சாட்சிகளில் நாம் திருத்திக்கொள்கிற அங்குலங்கள் எத்தனை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சுகமாகாதவர்களைப் பற்றி நாம் மேடையில் சொல்வதில்லை. பதில் கிடைக்காத ஜெபங்கள் நம்முடைய அட்டவணையில் ஏறுவதில்லை. அந்தத் தம்பி தம்முடைய சந்தேகத்தைச் சொல்லத் தயங்கியதில் எங்கள் மேடைக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. அழுத்தமும் பருமனும் தலைகீழ் விகிதத்தில் மாறும் என்ற கருத்து முதலில் தமக்குத் தோன்றியது என்று பாயில் சொல்லிக்கொள்ளவில்லை. அதை ரிச்சர்ட் டவுன்லி என்பவரிடமிருந்து பெற்றதாகப் பெயர் குறிப்பிட்டு எழுதினார். லங்காஷையரைச் சேர்ந்த டவுன்லியும் அவருடைய நண்பர் மருத்துவர் ஹென்றி பவரும் 1661 ஏப்ரல் 27 அன்று பெண்டில் என்ற குன்றின் அடியிலும் உச்சியிலும் காற்றையும் பாதரசத்தையும் வைத்துச் சோதனை செய்தவர்கள். டவுன்லியும் கத்தோலிக்கர்! மறுப்பு எழுதியவர் ஒரு கத்தோலிக்கர். கருத்தைக் கொடுத்தவர் ஒரு கத்தோலிக்கர். நடுவில் நின்று அளந்தவர் ஒரு புராட்டஸ்டண்ட். 1662-ல் லைனுக்குப் பதிலாக வந்த இரண்டாம் பதிப்பில்தான் இந்த விதி முதன்முதல் அச்சேறிற்று.

வெப்பநிலையை மறந்துவிட்டாரா என்று அறிவியல் ஆசிரியர்கள் கேட்பீர்கள். முற்றிலும் மறக்கவில்லை. நெருக்கப்பட்ட காற்றிருந்த பகுதியை ஈரத்துணியால் குளிர்வித்தும், மெழுகுவர்த்திச் சுடரை அருகே கொண்டுபோய்ச் சூடாக்கியும் பார்த்தார். சூட்டில் காற்று விரியப் பார்த்தது. கண்ணாடி வெடித்துவிடும் என்று அஞ்சி அதற்குமேல் போகவில்லை. வெப்பத்தைச் சரியாக அளக்கும் கருவியும் அன்று இல்லை. அந்தக் கணக்கைப் பிற்காலத்தவர் முடித்தார்கள். அழுத்தம் மாறாதிருந்தால், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயரும்போதும், பூச்சியம் டிகிரியில் இருந்த பருமனில் 273-ல் ஒரு பங்கு வாயு விரிகிறது. இதை 1802-ல் அளந்து வெளியிட்டவர் பிரான்சின் கே-லுசாக். ஆனால் தமக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஜாக் சார்லஸ் இதைக் கவனித்திருந்தார், அச்சிடவில்லை என்று அவரே எழுதிவைத்தார். அந்த ஒரு குறிப்பினால்தான் இன்று பாடநூலில் அது சார்லஸ் விதி. பாயிலைப் போல நேர்மையான இன்னொருவர்!

வெயிலில் நிறுத்திய மிதிவண்டியின் டயர் பட்டென்று வெடிப்பதும், கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு நாம் ஊதிக் கட்டிய பலூன் குளிரில் தொய்வதும் இவ்விதிகளின்படியே. காற்றணுக்கள் கம்பளி ரோமம் போலச் சுருண்டு கிடக்கின்றன என்ற பாயிலின் உவமை இன்று நிற்கவில்லை. அவை இடைவிடாமல் ஓடி மோதுகின்றன, வெப்பம் ஏறினால் வேகமாக மோதுகின்றன, அந்த மோதல்களே அழுத்தம் என்று 1738-ல் டேனியல் பெர்னூலி விளக்கினார். மிகுந்த அழுத்தத்தில் விதியே சற்று வழுவுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. பாயில் மனதில் வரைந்த படம் போய்விட்டது. படிக்கட்டில் எழுதிய எண்கள் நிற்கின்றன.

சகோதரிகளுக்காக ஒரு செய்தி. உங்கள் சமையலறையிலுள்ள குக்கருக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. பிரான்சிலிருந்து வந்த தெனி பாப்பின் என்ற புராட்டஸ்டண்ட் மருத்துவர் சில ஆண்டுகள் பாயிலுக்கு உதவியாளராய் இருந்தார். மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து, எலும்பையும் மெத்தென்று வேகவைக்கும் கருவியை 1679-ல் அவர் காட்டினார். பாத்திரம் வெடிக்காமலிருக்க எடை வைத்த வால்வையும் அவரே சேர்த்தார். 1685-ல் பிரான்சின் அரசன் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமைகளை நீக்கியதால் அவர் தாய்நாடு திரும்ப முடியாமற்போயிற்று.

பாயிலிடம் திரும்புவோம். குருப்பட்டம் பெறும்படி அவரை வற்புறுத்தியவர்கள் உண்டு. பெரிய பதவிகள் கிடைத்திருக்கும். அவர் மறுத்தார். உள்ளத்தில் அந்த அழைப்பை உணரவில்லை என்றார். அதோடு, சம்பளம் வாங்காத ஒருவன் விசுவாசத்துக்காகப் பேசினால் கேட்பவர்கள் சந்தேகப்படமாட்டார்கள் என்றும் கருதினார். (சம்பளம் வாங்கும் போதகனாகிய நான் இதை வாசித்தபோது சற்று நெளிந்தேன்.) 1680-ல் ராயல் சொசைட்டி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதற்குச் செய்யவேண்டிய சத்தியப்பிரமாணம் மனச்சாட்சியை உறுத்தியதால் அதையும் ஏற்கவில்லை.

பணத்தை என்ன செய்தார்? கிழக்கிந்தியத் தீவுகளின் மக்களுக்காக நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் மலாய் மொழியில் 1677-ல் ஆக்ஸ்போர்டில் அச்சிடப்பட்டன; செலவு பாயிலுடையது. வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் நடுவே சுவிசேஷப் பணியைத் தாங்கிய சங்கத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராயிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக அயர்லாந்து. ஐரிஷ் மொழியில் புதிய ஏற்பாட்டை 1681-ல் புதிய எழுத்துகளை வார்ப்பித்து மறுபடி அச்சிடச் செய்தார். பேராயர் பெடெலின் முயற்சியால் மொழிபெயர்க்கப்பட்டுப் பல்லாண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த பழைய ஏற்பாடு 1685-ல் அவருடைய ஆதரவில் அச்சேறிற்று. தகப்பன் யாருடைய மண்ணில் செல்வரானாரோ, அவர்களுடைய பாஷையில் குமாரன் வேதத்தைக் கொடுத்தார். இது அந்த நிலங்களுக்கு ஈடாகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது போலும். முன்பு சபைக்குரியதாயிருந்த நிலங்களின் வருமானம் தம் கைக்கு வருவது அவரைக் கடைசிவரை வாட்டியது.

1691 ஜூன் மாதத்தில், அறுபத்துநான்கு வயதில், உலகம் போற்றும் அறிஞராயிருந்த பாயில் இரண்டு பேராயர்களைத் தனித்தனியே சந்தித்துத் தம் மனச்சாட்சியின் பாரங்களைத் திறந்து கூறினார். ஒருவர் கில்பர்ட் பர்னெட், மற்றவர் எட்வர்ட் ஸ்டில்லிங்ஃபிளீட். அந்த நில வருமானம், செய்த பொருத்தனைகள், வேண்டாமலே மனதுக்குள் நுழையும் நிந்தையான எண்ணங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். அந்த உரையாடல்களின் குறிப்புகளை எழுதுவித்தும் வைத்தார். அவை இன்றும் இருக்கின்றன. வாலிபத்தில் கார்த்தூசியர் மடத்தில் தொடங்கிய பல்வலி, முதுமையிலும் போகவில்லை. அட்டவணையின் இந்த வரிசையையும் அவர் திருத்தவில்லை.

சென்ற சனிக்கிழமை அந்தத் தம்பியின் வீட்டுக்குச் சென்று, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் பேச நான் கேட்டேன். அவருடைய கேள்விகளில் இரண்டுக்கு என்னிடம் பதில் இருந்தது. மற்றவற்றுக்கு இல்லை, அதையும் சொன்னேன். எழுந்திருக்கும்போது இந்தப் பாயில் கதையைச் சொன்னேன். "ஐயா, இது பரீட்சைக்கு வராதே" என்று சிரித்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பாயில் மணம் செய்துகொள்ளவில்லை. 1668 முதல் லண்டனில் தம் மூத்த சகோதரி கேத்தரின் அம்மையாரின் வீட்டிலேயே வாழ்ந்தார். அவருடைய எண்ணங்களுக்கும் பக்திக்கும் உற்ற துணை அந்த அம்மையார்தான். 1691 டிசம்பர் 23 அன்று அவர் காலமானார். ஒரு வாரத்துக்குப் பின், டிசம்பர் 31 அதிகாலையில், பாயிலும் நித்திரையடைந்தார். இருவரையும் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர் அவருடைய பாரங்களைக் கேட்ட அதே பர்னெட்.

விசுவாசத்தை மறுப்பவர்களுக்குப் பதிலுரைக்கும் பிரசங்கங்களுக்காக ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுக்கும்படி பாயில் தம் உயிலில் எழுதியிருந்தார். அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது: கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சச்சரவுகளை அந்த மேடையில் எடுக்கக் கூடாது. முதல் பிரசங்கத்தை 1692-ல் ரிச்சர்ட் பென்ட்லி அதே செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் செய்தார். 1720-களில் அந்த ஆலயம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. பாயிலின் கல்லறை எங்கே இருந்தது என்பது அதன்பின் யாருக்கும் தெரியவில்லை.